பிழை பொறுத்த பொறி

ஒரு கருவியின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் அதன் ஆற்றலையே அளவுகோலாகக் கொள்வர். எத்துணை விரைவாக இயங்கியது, எத்துணை சிறிதாயிற்று, எத்துணை மலிவாயிற்று என வினவி, ஆண்டுக்கு ஆண்டு பெருகிய எண்களை வரிசைப்படுத்தி வைப்பர். அரசர்களின் வெற்றிகளை மட்டும் எழுதி மக்களின் வாழ்வை மறந்த பழைய வரலாற்று நூல்களுக்கும் இத்தகைய வரலாற்றுக்கும் வேறுபாடு அதிகமில்லை. யான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன். நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன். ஆதலின், நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு பொறியின் கதையை நேயர்களுக்குக் கூறும் இவ்வேளையிற் பிறிதொரு வினாவை எழுப்ப விரும்புகின்றேன். இப்பொறிக்குக் கட்டளை எழுதும்போது ஒருவன் பிழை செய்தால், அதனைத் திருத்துவதற்கு அவன் எதனை இழக்க வேண்டியிருந்தது? இவ்வொரு வினாவைக் கைவிளக்காகக் கொண்டு ஐம்பது ஆண்டுகளை நடந்து கடப்போமாயின், பொழுதுபோக்காக இலத்திரனியல் பயில்வோருக்கு எப்பொழுது கதவு திறந்தது, ஏன் திறந்தது என்பது விளங்கும். இன்று ஒரு மாணவன் எந்தப் பொறியை வாங்குதல் நன்று என்னும் நடைமுறை வினாவுக்கும் அங்கேயே விடை கிடைக்கும்.

முதற்கண் நுண்கட்டுப்படுத்தி என்பது யாதெனக் காண்போம். சலவைப் பொறியினுள்ளும், தொலைக்காட்சியைத் தூர இருந்து இயக்கும் கைக்கருவியினுள்ளும், மின்னியல் வெப்பமானியினுள்ளும் விரல்நகமளவான சிலிக்கன் சில்லு ஒன்று மறைந்திருக்கின்றது. கணிக்கும் பகுதி, செய்நிரலைத் தாங்கும் நினைவகம், இடைக்கால விடைகளைக் குறித்து வைக்கும் சிறிய நினைவகம், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் கால்கள் ஆகிய நான்கும் அதனுள் ஒருங்கே அமைந்துள்ளன. கணினியில் உள்ள நுண்செயலியோ கணிக்கும் பகுதி மட்டுமே. நினைவகமும் பிற உறுப்புகளும் அதற்கு வெளியே இருத்தல் வேண்டும். நுண்செயலியைத் தனித்த சமையற்காரர் என்று கொண்டால், நுண்கட்டுப்படுத்தியை அடுக்களை, களஞ்சியம், பரிமாறும் வாயில் ஆகிய யாவும் உடன் அமைந்த சிறு வீடெனலாம். சிறு வீடேயாயினும், ஒரு வேலையைப் பிறர் உதவியின்றிச் செய்து முடிக்க அது போதுமானது.

இவ்விரு வகைப் பொறிகளும் ஏறத்தாழ ஒரே காலத்திற் பிறந்தன. யப்பானிய நிறுவனமாகிய பிசிக்கொம் கேட்டுக்கொண்ட கணிப்பான் ஒன்றுக்காக அமெரிக்காவின் இன்ரெல் நிறுவனம் உருவாக்கிய 4004 என்னும் நுண்செயலி 1971ஆம் ஆண்டு நவம்பரில் விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ 2300 திரான்சிற்றர்கள் அதனுள் அடங்கியிருந்தன. அதே ஆண்டிலே ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கரி பூன், மைக்கல் கொக்றன் என்னும் பொறியியலாளர் இருவர், கணிப்பான் முழுவதையும் ஒரே சில்லினுள் அடக்கும் முயற்சியில் வெற்றி கண்டனர். அவ்வழியில் வந்த ரி.எம்.எஸ். 1000 என்னும் நுண்கட்டுப்படுத்தி 1974ஆம் ஆண்டிற் சந்தைக்கு வந்தது.

நாம் கைக்கொண்ட வினாவை இந்த ரி.எம்.எஸ். 1000இடம் கேட்டுப் பார்ப்போம். அதன் செய்நிரல் தொழிற்சாலையிலேயே சில்லோடு சில்லாக வார்க்கப்பட்டது. சிலிக்கன் மீது சுற்றுகளைப் பதிக்கும் அச்சிலேயே கட்டளைகளும் இடம்பெற்றன. கல்வெட்டைப் பொளிந்தபின் ஓர் எழுத்தை மாற்ற இயலாதவாறு போல, வார்த்தெடுத்த சில்லிலும் ஒரு கட்டளையையேனும் மாற்ற இயலாது. பிழையொன்று காணப்படின், புதிய அச்சுச் செய்து புதிய சில்லுகளை வார்ப்பதன்றி வேறு வழியில்லை. ஆயிரக் கணக்கில் வாங்கும் நிறுவனங்களே இச்செலவைத் தாங்க வல்லனவாயிருந்தன. 1978இல் வெளிவந்த ‘சைமன்’ என்னும் நினைவாற்றல் விளையாட்டுப் பொறியையும், 1979இல் வெளிவந்த ‘பிக் ட்ராக்’ என்னும் விளையாட்டு ஊர்தியையும் இச்சில்லே இயக்கியது. இரண்டினையும் விற்றது மில்ரன் பிராட்லி நிறுவனமாகும். ‘பிக் ட்ராக்’ ஊர்தியின் முதுகில் இருந்த விசைகளை அழுத்தி, இத்துணை தூரம் முன்னே செல், வலப்புறம் திரும்பு எனப் பிள்ளைகள் கட்டளையிட்டனர். ஊர்தி அவ்வாறே சென்றது. ஆயினும், அக்கட்டளைகளுக்கு எவ்வாறு கீழ்ப்படிவது என்பதைத் தீர்மானித்த உள்நிரலை அவர்கள் தொட இயலாது. பொறி பிள்ளையின் கையில் இருந்தது. அதன் அறிவோ தொழிற்சாலையின் உடைமையாகவே இருந்தது.

இரண்டாம் கட்டம் ஒளியினால் வந்தது. இன்ரெல் நிறுவனத்திற் பணியாற்றிய டொவ் புரோமன் என்பார் 1971இல் ஒரு புதுவகை நினைவகத்தைக் கண்டறிந்தார். அதில் எழுதியதை மின் இணைப்பு நீங்கிய பின்னரும் அது காத்து வைக்கும். அழிக்க விரும்பினால், சில்லின் மேல் அமைந்த படிகக் கண்ணாடிச் சாளரத்தின் ஊடாகக் கழியூதாக் கதிர்களைப் பாய்ச்சுதல் வேண்டும். இன்ரெல் 1976இல் அறிமுகஞ்செய்த 8048 தொடரிலும், 1980இல் வெளியிட்டுப் பெரும்புகழ் ஈட்டிய 8051 தொடரிலும் இத்தகைய சாளரம் கொண்ட சில்லுகளும் இருந்தன. கல்வெட்டு நிலையிலிருந்து கரும்பலகை நிலைக்கு நுண்கட்டுப்படுத்தி வந்து சேர்ந்தது என்று இதனைக் கூறலாம்.

ஆனால் அக்கரும்பலகையை அழிப்பதற்குப் பதினைந்து அல்லது இருபது நிமிடங்கள் கதிர்விளக்கின் கீழ்ச் சில்லை வைத்திருத்தல் வேண்டும். மீண்டும் எழுதுவதற்குத் தனிக் கருவி வேண்டும். சாளரச் சில்லுகளோ விலை மிகுந்தவை. சாளரமின்றி மலிவாக விற்கப்பட்ட மற்றொரு வகையில் ஒருமுறை மட்டுமே எழுதலாம். பிழை நேர்ந்தால் அச்சில்லு குப்பைக் கூடைக்குரியது. ஆதலால் 1980களில் நுண்கட்டுப்படுத்தி ஆய்வுகூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் வழங்கியதேயன்றி, வீட்டு மேசையில் ஓய்வுநேரத்திற் சுற்றுகளை இணைத்து மகிழ்ந்தவர்கள் பெரும்பாலும் அதனை எட்ட இருந்தே நோக்கினர். வானொலிப் பெட்டியைத் தாமே கட்டியமைத்த தலைமுறையினர், ஒரு தடையி பொருந்தாவிடின் அதனைக் கழற்றி வேறொன்றை வைத்துப் பார்த்துக் கற்றவர்கள். அவ்வாறு கழற்றி மாட்டிப் பார்க்கும் உரிமையை நுண்கட்டுப்படுத்தி அவர்களுக்கு இன்னும் வழங்கவில்லை.

அவ்வுரிமை 1992, 1993 ஆகிய இரு ஆண்டுகளில், இரு வேறு வழிகளாற் கிடைத்தது. கலிபோர்னியாவில் பராலக்ஸ் என்னும் சிறு நிறுவனத்தை நடத்திய சிப் கிறேசி என்பார், 1992இல் ‘பேசிக் ஸ்ராம்ப்’ என்னும் சிறு பலகையை வெளியிட்டார். பேசிக் என்னும் எளிய கணினிமொழியை விளங்கிக்கொள்ளும் நிரல் அதன் நுண்கட்டுப்படுத்தியினுள் நிலையாக எழுதப்பட்டிருந்தது. பயன்படுத்துவோர் எழுதும் கட்டளைகள் அருகிலிருந்த வேறொரு சிறிய நினைவகத்திற் சேர்ந்தன. அந்நினைவகத்தை மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம். அதன் கொள்ளளவு 256 பைற்றுகள் மட்டுமே. ஒரு செக்கனில் ஏறத்தாழ 2000 கட்டளைகளையே அது நிறைவேற்றியது. அக்காலத்துப் பிற சில்லுகளோடு ஒப்பிடின் இஃது ஆமை வேகமாகும். எனினும் கதிர்விளக்கும் வேண்டியதில்லை. தனிக் கருவியும் வேண்டியதில்லை. கணினியோடு ஒரு வடம் போதும். ஆற்றலிற் குறைந்த அப்பலகையைப் பொழுதுபோக்காளரும் ஆசிரியரும் விரும்பி வாங்கினர். ஆற்றலை மட்டும் அளக்கும் வரலாற்றாசிரியருக்கு இது விளங்காத புதிராகவே இருக்கும்.

மற்றைய வழி அரிசோனா மாநிலத்துச் சாண்ட்லர் நகரிலிருந்து வந்தது. ஜெனரல் இன்ஸ்ருமென்ற் என்னும் நிறுவனம் 1970களின் நடுப்பகுதியில் பி.ஐ.சி. என்னும் சில்லினத்தை உருவாக்கியிருந்தது. அந்நிறுவனத்தினின்றும் பிரிந்து தோன்றிய மைக்ரோசிப், 1993இல் 16சி84 என்னும் பி.ஐ.சி. சில்லை வெளியிட்டது. பதினெட்டுக் கால்களும், 1024 கட்டளைகளுக்கு இடமும், 36 பைற்று இடைக்கால நினைவகமும் கொண்ட எளிய சில்லு அது. ஆயினும் அதன் செய்நிரல் நினைவகத்தையே மின்சாரத்தால் அழித்து, உடனே மீண்டும் எழுத முடிந்தது. கணினியின் அச்சுப்பொறிக்குரிய இணைப்பில் மாட்டத்தக்க சிறு எழுதுகருவியைப் பொழுதுபோக்காளர் தாமே அமைத்துக்கொண்டனர். இருபது நிமிடக் காத்திருப்பு சில செக்கன்களாகக் குறைந்தது.

அதே காலப்பகுதியிலே நோர்வே நாட்டின் துறொண்ட்ஹைம் நகரில், தொழினுட்பக் கல்வி நிறுவனத்து மாணவர்களாகிய அல்ஃப் எகில் போகன், வெகார்ட் வொலன் என்னும் இருவர் புதிய சில்லமைப்பு ஒன்றை வகுத்தனர். ஏ.வி.ஆர். எனப் பெயர்பெற்ற அதனை அமெரிக்காவின் அற்மெல் நிறுவனம் ஏற்று, 1990களின் பிற்பகுதியிற் சந்தைக்குக் கொணர்ந்தது. யப்பானில் தொசீபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுஒக்கா 1980களில் உருவாக்கிய ‘பிளாஷ்’ என்னும் நினைவகம் அச்சில்லினுள் இடம்பெற்றது. இவ்வினத்துச் சில்லொன்றைப் பத்தாயிரம் முறை அழித்து எழுதலாம் என்று அதற்குரிய கையேடு உறுதி கூறும். நாளொன்றுக்குப் பத்துமுறை பிழைசெய்து திருத்தும் மாணவனுக்கு அஃது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் போதும். பிழைக்கு இத்துணை இடங்கொடுத்த ஆசான் வேறொருவர் உளரோ?

நிற்க. நிரலைத் திருத்துவது எளிதாயிற்று. ஆனால் தொடங்குவது எளிதாகவில்லை. சில்லின் கையேடு பல நூறு பக்கங்கள் கொண்டது. எழுதுகருவியும், மொழிமாற்றும் நிரலும், மின்வழங்கற் சுற்றும் தனித்தனியே தேட வேண்டியவை. இத்தடையைத் தகர்த்தவர்கள் இத்தாலியின் வடபகுதியில் உள்ள இவ்றேயா என்னும் சிறுநகரில் இருந்தனர். ஒலிவெற்றி தட்டச்சுப்பொறிகள் பிறந்த நகர் அது. அங்கிருந்த வடிவமைப்புக் கல்விநிலையத்திற் பயின்றோர் பொறியியலாளர் அல்லர், கலைஞர்களும் வடிவமைப்பாளர்களுமாவர். கொலம்பியா நாட்டவராகிய ஏர்னாண்டோ பராகான் என்னும் மாணவர், அத்தகையோர் எளிதிற் கையாளத்தக்க ‘வயரிங்’ என்னும் பலகையையும் மொழியமைப்பையும் 2003ஆம் ஆண்டில் தமது முதுமாணி ஆய்வாக உருவாக்கினார். ஒரு காலுக்கு மின்னழுத்தம் கொடு, சிறிது காத்திரு, நிறுத்து என்பன போன்ற எளிய கட்டளைச் சொற்களை அவரது அமைப்பிலே காணலாம்.

2005இல் அங்கு ஆசிரியராயிருந்த மாசிமோ பான்சி, டேவிட் குவாற்றியெயஸ், டேவிட் மெலிஸ், ரொம் ஐகோ, ஜான்லூக்கா மார்ற்றினோ ஆகியோர் சேர்ந்து, வயரிங் அமைப்பை அடியொற்றி, இன்னும் மலிவான ஏ.வி.ஆர். சில்லுக்கு இயைந்த பலகையொன்றைச் செய்தனர். தாம் கூடும் மதுச்சாலையின் பெயரால் அதற்கு ‘ஆர்டுயினோ’ எனப் பெயரிட்டனர். அம்மதுச்சாலையோ பதினொராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியை ஆண்ட மன்னன் ஒருவனின் பெயரைத் தாங்கியது. சில்லினுள் முன்னரே எழுதி வைக்கப்பட்ட சிறுநிரலொன்று, கணினியிலிருந்து வரும் புதிய நிரலை ஏற்று நினைவகத்தில் வைக்கும். எனவே எழுதுகருவி வேண்டியதில்லை. கல்விநிலையம் மூடப்படும் நிலையில் இருந்தமையால், தம் உழைப்பு வீணாகாதிருக்க, பலகையின் வரைபடத்தையும் நிரலையும் எவரும் எடுத்தாளுமாறு அவர்கள் உலகுக்குத் திறந்துவிட்டனர். எந்த நாட்டிலும் எவரும் அதனைப் படியெடுத்துச் செய்யலாம் என்றாயிற்று.

வரலாறு கற்பிப்போர் இவ்விடத்தே சிறிது தாமதித்தல் வேண்டும். ஆர்டுயினோவின் பெயர் உலகெங்கும் பரவியது; பராகானின் பெயரை அறிந்தவர் சிலரே. அம்முயற்சியிற் சேருமாறு தாம் அழைக்கப்படவில்லை என்பதை அவர் 2016ஆம் ஆண்டில் விரிவாக எழுதி வெளியிட்டார். திறந்த உரிமத்தின் கீழ்ப் பிறர் ஆக்கத்தை எடுத்தாள்வது குற்றமன்று. எடுத்தாண்டபோது முன்னோரின் பெயரை உரத்துச் சொல்வது கடன். கோபுரத்தைப் புகழுமிடத்து அத்திவாரம் இட்டவனை மறத்தல் எமது துறையினரிடத்தும் உள்ள குறையே. மாணவர்க்கு இப்பலகையை அறிமுகஞ்செய்யும் ஆசிரியர் பராகானின் பெயரையும் உடன் கூறுவாராயின், அறிவியலோடு அறமும் கற்பித்தவராவார்.

வானொலிக்கும் இக்கதையில் ஒரு பங்குண்டு என்பது நேயர்களுக்கு மகிழ்ச்சி தரலாம். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பி.பி.சி., மக்களுக்குக் கணினி அறிவூட்டும் நோக்கத்துடன் 1981ஆம் ஆண்டு இறுதியில், கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகோண் நிறுவனத்தைக் கொண்டு ‘பி.பி.சி. மைக்றோ’ என்னும் கணினியை வெளியிட்டது. அந்த ஏகோண் நிறுவனத்திலேதான் ஆர்ம் என்னும் செயலியமைப்புப் பின்னர் பிறந்தது. 2016இல் அதே ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆர்ம் உள்ளிட்ட பல நிறுவனங்களோடு கூடி, ‘மைக்ரோபிட்’ என்னும் உள்ளங்கைப் பலகையைப் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் எண்ணிக்கையில் இலவசமாக வழங்கியது. இருபத்தைந்து சிறு விளக்குகளும் இரு விசைகளும் அதிலுண்டு. கட்டளைகளைக் கட்டங்களாக இழுத்து இணைத்தே ஒரு பிள்ளை நிரலெழுதலாம். எழுத்துப் பிழையால் நிரல் இயங்காமற் போகும் இடரும் அங்கில்லை.

பிழையின் செலவு மேலும் குறைந்தது. சீனாவின் சாங்காய் நகரிலுள்ள எஸ்பிறெசிவ் நிறுவனத்தின் ஈ.எஸ்.பி. 8266 என்னும் சில்லு 2014இற் பொழுதுபோக்காளர் கைக்கு எட்டியது; கம்பியில்லா இணைய இணைப்பை மிக மலிவாக அது வழங்கியது. அதன் கையேடு முதலிற் சீன மொழியிலேயே இருந்தமையால், ஆர்வலர்கள் தாமே கூடி அதனை மொழிபெயர்த்து உலகோடு பகிர்ந்தனர். 2021ஆம் ஆண்டு ஜனவரியில் ‘ராஸ்பெரி பை பீக்கோ’ என்னும் பலகை நான்கு டொலர் விலையில் அறிமுகமாயிற்று. அதில் ஓர் அரிய ஏற்பாடு உண்டு. புதிய நிரலை ஏற்கும் சிறுநிரல், அழிக்கவே இயலாத நினைவகத்தில் வார்க்கப்பட்டுள்ளது. மாணவன் எத்தகைய தவறான நிரலை எழுதிவிட்டாலும், ஒரு விசையை அழுத்தியவாறு பலகையைக் கணினியோடு இணைத்தால், அது மீண்டும் புதிய நிரலை ஏற்க ஆயத்தமாகும். ரி.எம்.எஸ். 1000இல் மாற்ற இயலாத நிரல் பயில்வோனுக்குத் தடையாக நின்றது. பீக்கோவில் அதே மாற்ற இயலாத நிரல் அவனுக்குக் காவலாக நிற்கின்றது. ஐம்பது ஆண்டு வரலாற்றின் சாரம் இவ்வொரு மாற்றத்தில் அடங்கியுள்ளது எனின் மிகையாகாது.

இனி, எதனைத் தெரிவது என்னும் வினாவுக்கு வருவோம். முற்றிலும் புதியவரான இளம்பிள்ளைக்கு மைக்ரோபிட் ஏற்றது. சுற்றுகளைத் தன் கையால் இணைத்துப் பழக விரும்பும் மாணவனுக்கு ஆர்டுயினோ ஊனோ நல்ல தொடக்கமாகும். அதன் பழைய வகையில் 32 கிலோபைற்று செய்நிரல் நினைவகமும், 2 கிலோபைற்று இடைக்கால நினைவகமும், பதினான்கு எண்மக் கால்களும், மாறும் மின்னழுத்தத்தை அளக்கும் ஆறு கால்களும் உண்டு. சில்லு ஒரு தாங்கியிற் செருகப்பட்டிருப்பதால், அது எரிந்துபோனாலும் சில்லை மட்டும் கழற்றி மாற்றலாம். பெரிய நிரலும் பைதன் மொழியும் வேண்டுவோர்க்குப் பீக்கோ பொருந்தும். இணைய இணைப்பு வேண்டுவோர்க்கு ஈ.எஸ்.பி. 32 பொருந்தும். எதுவாயினும், உம் ஊரில் அதே பலகையை வைத்திருக்கும் மற்றொருவர் உளரா, ஐயம் எழுந்தால் எவரிடம் கேட்பது என்பதை விலையைப் பார்க்குமுன் உசாவுக. தனித்திருந்து திருத்தும் பிழையினும் இருவர் கூடித் திருத்தும் பிழை விரைவில் நீங்கும்.

ஓர் எச்சரிக்கையை ஈண்டு அழுத்திக் கூறுதல் வேண்டும். இப்பொறிகள் செய்நிரற் பிழையைப் பொறுக்கும். மின்னிணைப்புப் பிழையைப் பொறா. ஊனோவின் ஒரு கால் தாங்கும் மின்னோட்டத்தின் மேலெல்லை 40 மில்லியம்பியர். 20ஐத் தாண்டாதிருத்தலே நன்று. ஒளிகாலும் இருவாயி ஒன்றை ஏற்றும்போது 220 அல்லது 330 ஓம் தடையி ஒன்றைத் தொடராக இணைத்தல் வேண்டும். சிறு மோட்டரோ சில நூறு மில்லியம்பியரை வேண்டுவது. அதனை நேரே காலோடு இணைப்பது, பிள்ளையின் தோளில் நெல்மூட்டையை ஏற்றுவது போன்றதாகும். எல்.293டி போன்ற மோட்டர் இயக்கிச் சில்லு இடையே வேண்டும். மோட்டருக்குத் தனி மின்கலங்களும் வேண்டும். ஆயினும் இரு மின்வழங்கல்களின் எதிர்முனைகளும் ஒன்றாக இணைந்திருத்தல் அவசியம். இன்றேல் ஒன்றின் குறிப்பு மற்றதற்கு விளங்காது. பீக்கோவும் ஈ.எஸ்.பி. 32உம் 3.3 வோல்ற்றில் இயங்குவன. 5 வோல்ற்றுக் கழியொலி உணரியின் வெளியீட்டை அவற்றோடு நேரே இணைத்தால் அவை பழுதாகலாம். இரு தடையிகளைக் கொண்டு மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக் குறைத்தல் வேண்டும்.

கரும்பலகை நாடாவைப் பின்தொடர்ந்து ஓடும் றோபோவை எடுத்துக்கொள்வோம். பாடசாலைகளிற் பெரிதும் விரும்பிச் செய்யப்படுவது இதுவே. வெள்ளைத்தரை செந்நிறக்கீழ்க் கதிரைத் தெறிக்கச் செய்யும். கறுப்பு நாடா அதனை உறிஞ்சிக்கொள்ளும். முன்புறத்தில் அமைந்த இரு உணரிகளும் இவ்வேறுபாட்டைக் கண்டு கூற, நிரல் இடப்புற, வலப்புற மோட்டர்களின் வேகத்தை மாற்றும். இதனைச் செய்யப் புகும் மாணவர் யாவற்றையும் ஒருங்கே இணைத்துவிட்டு, இயங்கவில்லையே என்று கலங்குவதை எமது பாடசாலையிற் பலகால் கண்டிருக்கின்றேன். முதல் நாள் ஒரு விளக்கை மட்டும் மினுக்குக. அடுத்து உணரி தரும் எண்ணைக் கணினித்திரையிற் கண்டு, வெள்ளைக்கு எவ்வளவு, கறுப்புக்கு எவ்வளவு என ஏட்டிற் குறித்துக்கொள்க. பின்னர் சக்கரங்களை நிலத்தினின்றும் உயர்த்தி வைத்து மோட்டர்களைத் தனியே இயக்கிப் பார்க்க. இறுதியில் அனைத்தையும் இணைக்க. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவோன் தன் பிழை எங்கே உள்ளது என்பதை எளிதில் அறிவான்.

திருத்துதல் இத்துணை எளிதானால் மாணவர் சிந்தியாது எழுதுவர் அல்லரோ என்று மூத்த பொறியியலாளர் சிலர் கேட்கின்றனர். அக்கேள்வியிற் பொருளுண்டு. இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில், சில்லில் எழுதுமுன் தாளில் எழுதிச் சரிபார்க்கும் வழக்கம் இருந்தது. காத்திருத்தலே அன்று ஓர் ஆசிரியனாக இருந்தது. ஆனால் அவ்வாசிரியனிடம் பாடங்கேட்கும் வசதி எத்தனை பேருக்கு வாய்த்தது? வசதியற்றோரை வாயிலிலே நிறுத்தி வைத்த ஒழுங்கை நாம் மீண்டும் வேண்டுதல் முறையன்று. மலிந்துபோன பிழையை மதிப்புள்ள பாடமாக்கும் கடமை இன்று சில்லிடமிருந்து ஆசிரியரிடம் வந்து சேர்ந்துள்ளது. என்ன எதிர்பார்த்தாய், என்ன நிகழ்ந்தது, ஏன் என்று மூன்று வரிகளை ஒவ்வொரு பிழைக்கும் ஏட்டில் எழுதுவித்தால், பழைய பொறுமையும் புதிய எளிமையும் ஒருங்கே கைகூடும்.

எமது நாட்டிலே 2013ஆம் ஆண்டில் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. பொறியைக் கையாற் கற்கும் கல்விக்கு அதனாற் புதிய வாய்ப்பு உண்டாயிற்று. எனினும் எமது வகுப்பறைகளிற் பிழை இன்றும் சிவப்பு மையினால் வெட்டப்படுவதாகவே உள்ளது. ஒருமுறை எழுதி, ஒருமுறை திருத்தப்பட்டு, புள்ளியிட்டு மூடப்படும் விடைத்தாள், ரி.எம்.எஸ். 1000 சில்லை ஒத்தது. அதனை மீண்டும் திறந்து எழுதும் வழி மாணவனுக்கு இல்லை. பொறியை ஆக்கியோர் ஐம்பது ஆண்டுகளாக உழைத்து, பிழை செய்தோனுக்கு மறுவாய்ப்பு அளிக்கும் வழியைக் கண்டனர். அதனால் உலகெங்கும் எண்ணிறந்த சிறுவர் சிறுமியர் ஆக்குவோராயினர். சிலிக்கனுக்குக் கற்பிக்கப்பட்ட இப்பொறுமையைப் பாடசாலையும் கற்றுக்கொள்ளுமாயின், நான்கு டொலர்ப் பலகை ஒன்று எமக்குத் தந்த மிகப்பெரிய பயன் அதுவாகவே இருக்கும்.